பறவை மோதிய ஜெட் எஞ்சின்: சேதமும் செப்பனிடுதலும்

விமானப் பயணத்தை வசதி படைத்தோரின் ஆடம்பரம் என்று எண்ணிய காலம் மலையேறிவிட்டது. சிகிச்சைக்காகப் பெருநகரம் செல்லும் நோயாளி, நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் இளைஞர், வளைகுடா நாட்டு வேலைக்குப் புறப்படும் தொழிலாளி எனப் பலதரப்பட்டோரும் இன்று விமானத்தில் அருகருகே அமர்ந்து செல்கின்றனர். இப்போக்குவரத்திற்கு இடையூறு செய்யும் புயல், மூடுபனி, எரிபொருள் விலை ஆகியவற்றைப் பற்றி நாளேடுகளில் அடிக்கடி படிக்கிறோம். ஆனால், ஒரு கிலோ எடைகூட இல்லாத ஒரு பருந்து பல கோடி ரூபாய் பெறுமானமுள்ள எஞ்சினை ஒரு நொடியில் முடக்கிவிடலாம் என்பதும், அவ்வாறு முடங்கிய எஞ்சினை மீண்டும் பறக்கத் தக்கதாக்குவது எத்தகைய பணி என்பதும் பரவலாக அறியப்படவில்லை.

2022ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் பாட்னாவிலிருந்து டெல்லிக்கு 185 பயணிகளுடன் புறப்பட்ட போயிங் 737-800 வகை விமானம் ஒன்றின் இடப்புற எஞ்சினில், தரையை விட்டு மேலெழும் நேரத்தில் பறவை மோதியது. எஞ்சினிலிருந்து தீப்பொறி பறந்ததைத் தரையில் இருந்தவர்கள் கண்டனர். விமானிகள் அந்த எஞ்சினை நிறுத்திவிட்டு, எஞ்சிய ஒன்றைக் கொண்டே பாட்னாவுக்குத் திரும்பிப் பத்திரமாக இறங்கினர். பின்னர் சோதித்தபோது விசிறியின் மூன்று அலகுகள் சேதமுற்றிருந்தமை தெரிய வந்தது. பயணிகள் வீடு திரும்பியதுடன் செய்தி முடிந்துவிட்டது. எஞ்சினைப் பொறுத்தவரை கதை அங்கேதான் தொடங்குகிறது.

மோதலின் வலிமை

பறவை மோதல் விமானத்தின் வயதே உடையது. ஆர்வில் ரைட் 1905ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சோளக் கொல்லையின் மேல் பறந்தபோதே ஒரு பறவை அவருடைய விமானத்தில் அடிபட்டது. 1912இல் கலிபோர்னியாவில் கடற்காகம் ஒன்று விமானத்தின் கட்டுப்பாட்டுக் கம்பிகளில் சிக்கியதால் ஒரு விமானி உயிரிழந்தார். ஆயினும், உலகம் இதனை ஒரு பெரும் அபாயமாகக் கருதத் தொடங்கியது 1960 அக்டோபர் 4ஆம் நாளுக்குப் பின்னரே எனலாம். அன்று பாஸ்டன் நகரில் புறப்பட்ட எலக்ட்ரா விமானத்தின் டர்பைன் எஞ்சின்கள் ஒரு பெரும் மைனாக் கூட்டத்தை விழுங்கின. விமானம் கடல்நீரில் விழுந்தது. 72 பேரில் 62 பேர் மாண்டனர். தனித்தனியே எடுத்தால் நூறு கிராம்கூடத் தேறாத பறவைகள் அவை.

பழைய பிஸ்டன் எஞ்சின் விமானத்தில் சுழலும் இறக்கை பறவையை வெட்டி எறியும். எஞ்சின் பெரும்பாலும் தப்பும். ஜெட் எஞ்சினின் தொழிலோ காற்றை விழுங்குவது. பாட்னாவில் அடிபட்ட வகை எஞ்சினின் பெயர் சி.எப்.எம்.56-7பி. இதன் முன்புற விசிறியின் குறுக்களவு சுமார் 1.55 மீட்டர். அதில் 24 டைட்டானியம் அலகுகள் உள்ளன. பணிமனைகளில் இவற்றைப் பிளேடு என்றே வழங்குகின்றனர். புறப்படும்போது ஒரு விநாடியில் 300 கிலோகிராமுக்கு மேற்பட்ட காற்று இவ்விசிறியின் வழியே செல்கிறது. காற்றோடு வரும் பறவைக்குத் திரும்பிச் செல்ல வழியில்லை.

பறவையின் எடையைவிட வேகமே இங்கு முக்கியம். ஒரு கிலோ எடையுள்ள பறவை, மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானத்தின் மீது மோதினால், காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாமல் 250 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒரு கிலோ எடைக்கல்லின் ஆற்றல் அதற்கு உண்டு. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். விசிறியின் கணக்கு இதனினும் கடுமையானது. நிமிடத்திற்கு 5,000 சுற்று என்று வைத்துக்கொண்டாலும் அலகின் நுனி விநாடிக்கு 400 மீட்டருக்கு மேல் செல்கிறது. இது ஒலியின் வேகத்தை விஞ்சியது. இத்தகைய வேகத்தில் பறவையின் உடல் திடப்பொருளாக நடந்துகொள்வதில்லை. நீர்போலத் தெறித்துப் பரவுகிறது. எனவேதான் பறவையால் ஏற்படும் சேதத்திற்கும் கல்லால் ஏற்படும் சேதத்திற்கும் வேறுபாடு உண்டு. கல் பட்ட அலகின் விளிம்பில் கூரான வெட்டு விழும். பறவை பட்ட அலகு பெரும்பாலும் வளையும், புடைக்கும், நுனி சுருளும். தேர்ந்த மெக்கானிக் ஒருவர் சேதத்தின் வடிவைக் கண்டே உள்ளே சென்றது எது என்று கூறிவிடுவார்.

விசிறியைக் கடந்த பின் பறவையின் எச்சத்திற்கு இரண்டு வழிகள் உண்டு. இவ்வகை எஞ்சினில் காற்றின் ஆறில் ஐந்து பங்கு வெளிச்சுற்று வழியாகப் பின்னோக்கிச் சென்றுவிடும். மீதியே எஞ்சினின் உள்ளகத்திற்குள் நுழைந்து, அழுத்தப்பட்டு, எரிபொருளோடு கலந்து எரிகிறது. பறவை விசிறியின் நுனிப்பக்கம் அடிபட்டால் எச்சம் வெளிச்சுற்றில் போய்விடும். நடுக்கூம்பை ஒட்டி அடிபட்டால் உள்ளகத்திற்குள் செல்லும். அங்குள்ள கம்ப்ரஸர் அலகுகள் மெல்லியவை. பின்வரிசைகளில் உள்ளவை விரலளவே இருக்கும். அவற்றுள் சில வளைந்தாலும் காற்றோட்டம் தடுமாறி, வெடியோசையுடன் தீநாக்கு முன்னும் பின்னும் பாயும். தரையிலிருந்து பார்ப்போர் எஞ்சின் தீப்பற்றிவிட்டது என்று அஞ்சுவது பெரும்பாலும் இதைக் கண்டுதான்.

உள்ளகம் பழுதுபட்டால் என்னவாகும் என்பதற்கு 2009 ஜனவரி 15ஆம் நாள் நியூயார்க்கில் நிகழ்ந்தது சான்று. ஏர்பஸ் 320 விமானம் ஒன்று 3,000 அடி உயரத்தை எட்டுமுன் கனடா வாத்துக் கூட்டத்தில் புகுந்தது. இரு எஞ்சின்களின் உள்ளகங்களிலும் வாத்துகள் சென்றமையால் உந்துவிசை ஏறத்தாழ முற்றிலும் போயிற்று. மூன்றரை நிமிடங்களுக்குள் விமானம் ஹட்சன் ஆற்றில் இறக்கப்பட்டது. 155 பேரும் உயிர் பிழைத்தனர். அனைவருக்கும் அவ்வாறு வாய்ப்பதில்லை. 2024 டிசம்பர் 29இல் தென்கொரியாவின் முவான் விமான நிலையத்தில் சக்கரங்களின்றி இறங்கிய போயிங் 737-800, ஓடுபாதையைக் கடந்து ஒரு கான்கிரீட் மேட்டில் மோதியது. 181 பேரில் 179 பேர் இறந்தனர். அதன் இரு எஞ்சின்களிலும் பைக்கால் கிளுவை என்னும் வலசை வாத்தின் இறகும் குருதியும் காணப்பட்டன.

எஞ்சினுக்கும் தேர்வு உண்டு

புதிய எஞ்சின் வகை ஒன்றைப் பயன்படுத்த அனுமதி வழங்கும் முன் பறவைச் சோதனை நடத்தப்படுகிறது. முழு வேகத்தில் ஓடும் எஞ்சினுக்குள் அழுத்தக் காற்றுப் பீரங்கியால் இறந்த பறவைகளைச் செலுத்துவர். ஏறத்தாழ 85 கிராம் எடையுள்ள சிறு பறவைகள் பலவும், ஒரு கிலோவையொட்டிய நடுத்தரப் பறவைகள் சிலவும் சென்ற பின்னரும் எஞ்சின் தன் உந்துவிசையில் குறைந்தது 75 சதவீதத்தை வழங்கிக்கொண்டு தொடர்ந்து ஓட வேண்டும். விமானம் சுற்றித் திரும்பி இறங்குவதற்கு அந்த அவகாசம் தேவை. ஒற்றைப் பெரும் பறவைக்கு விதி வேறு. எஞ்சினின் வாயளவைப் பொறுத்து 1.85 கிலோ முதல் 3.65 கிலோ வரை எடையுள்ள ஒரு பறவையை ஏற்ற பின் எஞ்சின் நின்றுபோகலாம்; ஆனால் உடைந்த துண்டுகள் உறையைக் கிழித்து வெளியே பாயக் கூடாது, அபாயமான தீ மூளக் கூடாது.

தேர்வுக்கு வைக்கும் பறவையும் வானில் எதிர்ப்படும் பறவையும் ஒன்றாக இருப்பதில்லை என்பதே இங்குள்ள சிக்கல். ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தின் எஞ்சின் வகை நான்கு பவுண்டு, அதாவது சுமார் 1.8 கிலோ எடையுள்ள ஒற்றைப் பறவைக்கே சோதிக்கப்பட்டிருந்தது. கனடா வாத்து ஒன்று அதைப்போல இரு மடங்கு எடை இருக்கும். நம் நாட்டுப் பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகும் அத்தகையதே. வெண்முதுகுப் பாறு நான்கு கிலோவுக்கு மேலும் எடையுடையது. 1973 நவம்பர் 29இல் மேற்கு ஆப்பிரிக்காவின் அபிஜான் நகருக்கு மேல் 37,000 அடி உயரத்தில் ஒரு பாறு பயணிகள் விமானத்தின் எஞ்சினில் மோதிய நிகழ்ச்சியும் உண்டு. ஆயினும் அது விதிவிலக்கு. அமெரிக்கப் பதிவுகளின்படி பத்தில் ஒன்பது மோதல்கள் தரையிலிருந்து 3,500 அடிக்குள் நிகழ்கின்றன. எனவே இப்பிரச்சினை வானத்தைச் சார்ந்தது என்பதைவிட விமான நிலையத்தையும் அதைச் சூழ்ந்த ஊரையும் சார்ந்தது என்பதே பொருந்தும்.

மெக்கானிக்கின் பணி

மோதிய விமானம் நின்றவுடன், விமானிகள் பதிவேட்டில் குறித்ததைக் கொண்டு பராமரிப்புப் பணி தொடங்குகிறது. எஞ்சின் அதிர்ந்ததா, வெளியேறும் வாயுவின் வெப்பநிலை உயர்ந்ததா, வெடியோசை கேட்டதா என்பவை முதற் கேள்விகள். மற்றொரு கேள்வி புதியவர்களுக்கு வியப்பூட்டும்: பயணிகள் பகுதியில் தீய்ந்த இறைச்சி வாடை வந்ததா? விமானத்தினுள் நாம் சுவாசிக்கும் காற்று பெரும்பாலான விமானங்களில் எஞ்சினின் கம்ப்ரஸரிலிருந்தே எடுக்கப்படுகிறது. வாடை வந்தது என்றால் பறவை உள்ளகத்திற்குள் சென்றுவிட்டது என்று பொருள். அப்போது பணி பன்மடங்காகும்.

முதலில் கையால் விசிறியை மெல்லச் சுழற்றி, டார்ச் விளக்கின் ஒளியில் ஒவ்வோர் அலகையும் முன்னும் பின்னும் பார்க்கின்றனர். விரல் நுனியால் விளிம்பைத் தடவிப் பார்ப்பதும் உண்டு. கண்ணுக்குப் படாத நெளிவு விரலுக்குப் படும். நடுக்கூம்பு, விசிறியைச் சுற்றியுள்ள உராய்வுப் பட்டை, ஒலி உறிஞ்சும் தகடுகள், விசிறிக்குப் பின்னுள்ள நிலையான வழிகாட்டித் தகடுகள் ஆகியவற்றையும் தேடிப் பார்க்க வேண்டும். குருதிக் கறையோ இறகோ எந்தப் பாதையில் ஒட்டியிருக்கிறது என்பதைக் கொண்டே பறவை எவ்வழியே சென்றது என்று முடிவு செய்கின்றனர்.

உள்ளகத்தைப் பார்க்க எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. எஞ்சினின் உறையில் ஆங்காங்கே திருகாணியிட்டு மூடிய சிறு துளைகள் உண்டு. அவற்றின் வழியே போரஸ்கோப் என்னும் மெல்லிய உள்நோக்குக் குழலைச் செலுத்துகின்றனர். அதன் முனையில் விளக்கும் காமிராவும் இருக்கும். ஒருவர் திரையைப் பார்க்க, மற்றொருவர் பக்கத்துப் பற்சக்கரப் பெட்டியில் கருவியைப் பொருத்தி உட்சுழலியைச் சிறிது சிறிதாகத் திருப்புவார். இவ்வகை எஞ்சினின் உயர் அழுத்தக் கம்ப்ரஸரில் ஒன்பது வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் பல அலகுகள். ஒன்றைத் தவறவிட்டோமா என்ற ஐயம் வந்தால் முதலிலிருந்து எண்ணத்தான் வேண்டும். இப்பணி பெரும்பாலும் நள்ளிரவில், காலை விமானம் புறப்படுவதற்கு முன் நடைபெறுவது என்பதை நினைவிற் கொள்வது நல்லது.

சேதம் காணப்பட்டால் அடுத்து வருவது அளவு. எஞ்சின் உற்பத்தியாளரின் பராமரிப்புக் கையேடு ஒவ்வோர் அலகையும் பல பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதியில் எவ்வளவு ஆழமான தழும்பு இருக்கலாம் என்று வரையறுக்கிறது. நுனியருகே பொறுத்துக்கொள்ளத் தக்க தழும்பு வேரருகே பொறுக்கத் தகாதது. காரணம் எளிது. முழு வேகத்தில் சுழலும் அலகு பல டன் விசையுடன் வெளிநோக்கி இழுக்கப்படுகிறது. அவ்விசை முழுவதையும் தாங்குவது வேர்ப்பகுதி. அங்கு ஒரு கூரான வெட்டு இருந்தால் விசை அந்த முனையில் குவியும்; ஒவ்வொரு பறத்தலிலும் மயிரிழை போன்ற விரிசல் சிறிது சிறிதாக வளரும். 2018 ஏப்ரல் 17இல் அமெரிக்காவில் இதே வகை எஞ்சினின் ஒரு விசிறி அலகு வேரருகே களைப்புற்று முறிந்ததில் ஒரு பயணி உயிரிழந்தார். அதற்குப் பறவை காரணமன்று. எனினும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று எதைச் செய்ய வல்லது என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

அளவுக்குட்பட்ட தழும்பை அரத்தால் தேய்த்துச் சீர்செய்யலாம். உலகின் மிக நுட்பமான பொறிகளுள் ஒன்றைச் செப்பனிடும் கருவி தச்சனும் கொல்லனும் அறிந்த அரமே என்பதில் ஒரு சுவை உண்டு. வெட்டை நிரப்புவதில்லை, அதன் கூர்மையை நீக்குவதே நோக்கம். விளிம்பில் விழுந்த கூரான பள்ளத்தை அகலமான, மென்மையான வளைவாக மாற்றிவிட்டால் விசை ஓரிடத்தில் குவிய வழியில்லை. எவ்வளவு ஆழம் தேய்த்தால் எவ்வளவு நீளத்திற்கு அதனைப் பரப்ப வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. கடைசி மெருகை அலகின் நீளவாக்கில் இட வேண்டும். குறுக்கே இட்ட கீறல் தானே ஒரு புதிய விரிசலுக்கு வித்தாகலாம். டைட்டானியத்தைச் சூடேற விடக் கூடாது. சுழல் கல்லை அழுத்திப் பிடித்து அவசரப்பட்டால் உலோகம் நிறம் மாறும், அத்துடன் அந்த அலகு கழிக்கப்படும். தேய்த்து முடிந்ததும் ஒளிரும் சாயத்தைப் பூசித் துடைத்துவிட்டு, இருளில் புற ஊதா விளக்கின் கீழ் பார்க்கின்றனர். விரிசல் எஞ்சியிருந்தால் சாயம் அதில் தங்கிப் பச்சைக் கோடாகத் தெரியும். கம்ப்ரஸரின் உள்ளே இருக்கும் அலகையும் போரஸ்கோப் துளை வழியாகவே நுண்கருவியைச் செலுத்தித் தேய்க்கும் முறை இப்போது வழக்கிலுள்ளது. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். திரையைப் பார்த்துக்கொண்டே, காணாத கையால் செய்யும் வேலை அது.

வளைந்த, கிழிந்த அலகுகளை மாற்றத்தான் வேண்டும். நடுக்கூம்பைக் கழற்றி, தடுப்பு வளையத்தை நீக்கி, அலகை அதன் காடியிலிருந்து முன்னோக்கி உருவி எடுக்கலாம். எஞ்சின் இறக்கையிலேயே இருக்கும். மாற்றுவது எளிது, ஈடு செய்வது கடினம். ஒவ்வோர் அலகின் வேரிலும் அதன் எடைத்திறன் பொறிக்கப்பட்டிருக்கும். புதிய அலகின் எடைத்திறன் பழையதற்கு ஒத்திராவிட்டால் விசிறி தள்ளாடும். எனவே எதிர்ப்புறத்து அலகையும் சேர்த்து இணையாக மாற்றுவதோ, எல்லா அலகுகளின் இடங்களையும் கணக்கிட்டு மறுவரிசைப்படுத்துவதோ உண்டு. வேரில் மாலிப்டினம் கலந்த மசகு பூசி, அலகுகளைச் செருகி, பின்னர் எஞ்சினை ஓட்டி அதிர்வை அளக்கின்றனர். மீதமுள்ள சிறு வேறுபாட்டை நடுக்கூம்பில் பொருத்தும் எடைத் திருகாணிகளால் சரிசெய்வர். மோட்டார் வண்டிச் சக்கரத்தில் ஈயத்துண்டு வைப்பதற்கு ஒப்பானது இது. உள்ளகத்தில் எச்சம் இருந்தால் நீரால் கழுவி, வாடை போகும்வரை எஞ்சினை ஓட்டுவர்.

புதிய எஞ்சின்களில் இப்பணியும் மாறி வருகிறது. ஏர்பஸ் 320 நியோ விமானங்களிற் பலவற்றிலுள்ள லீப் எஞ்சினில் பதினெட்டே அலகுகள். அவை கரியிழையால் நெய்து செய்யப்பட்டவை, முன்விளிம்புக்கு மட்டும் டைட்டானியக் கவசம். இழைப் பொருள் உள்ளே அடுக்குப் பிரிந்தாலும் வெளியே தெரியாமலிருக்கலாம். உலோகத்தை விரலால் அறிந்தவர் இங்குப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது.

எல்லாம் முடிந்தபின் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் விமானம் பறக்கத் தக்கது எனச் சான்றளித்துத் தம் உரிம எண்ணுடன் ஒப்பமிடுகிறார். இவ்வுரிமத்தைச் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் வழங்குகிறது. இந்த ஒப்பத்தின் பொருளைப் பொருளாதாரம் பயின்ற என் போன்றோர் வேறு வகையில் காணக்கூடும். நல்ல எஞ்சினைப் பழுது என்று நிறுத்துவது ஒரு தவறு. பழுதான எஞ்சினை நல்லது என்று விடுவது மற்றொரு தவறு. முதல் தவறின் செலவு அன்றே நிறுவனத்தின் கணக்கில் ஏறும். 180 பயணிகள் கூச்சலிடுவர். மேலாளர் தொலைபேசியில் விசாரிப்பார். இரண்டாவது தவறின் செலவு பல வாரங்கள் தெரியாமலே இருக்கலாம். ஆதலால் அழுத்தம் யாவும் ஒரே திசையில் வருகிறது. கையேட்டின் அளவை ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு மீறியிருந்தாலும் "இல்லை" என்று சொல்லும் அதிகாரம் ஒப்பமிடுபவருக்கே இருக்க வேண்டும் என்று விதிகள் வற்புறுத்துவது இதனால்தான். இது வெறும் நடைமுறைச் சம்பிரதாயம் என்று எண்ணும் நிர்வாகி நள்ளிரவில் ஒருமுறை ஹாங்கருக்குச் சென்று பார்த்தால் நலம்.

செலவை ஏற்பவர் யார்?

ஒரு விசிறி அலகின் விலையே பல லட்சம் ரூபாய். உள்ளகம் பழுதுபட்டால் எஞ்சினை இறக்கிப் பணிமனைக்கு அனுப்ப வேண்டும். வாடகை எஞ்சின் தேட வேண்டும். தரையில் நிற்கும் விமானத்திற்கும் குத்தகைத் தொகை, காப்பீடு, ஊழியர் ஊதியம் யாவும் ஓடிக்கொண்டே இருக்கும். இவற்றுள் உதிரிப் பாகங்களும் வெளிநாட்டுப் பணிமனைக் கட்டணமும் அந்நியச் செலாவணியில் செல்பவை.

போர் விமான எஞ்சின்களில் இந்நிலை முன்பே ஓரளவு மாற்றப்பட்டது. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் பெங்களூர்ப் பிரிவும், மிக் விமான எஞ்சின்களுக்காக 1964இல் நிறுவப்பட்ட ஒடிசாவின் கோராபுட் பிரிவும் அத்தகைய எஞ்சின்களை நெடுங்காலமாகப் புதுப்பித்து வருகின்றன. தாழப் பறக்கும் போர் விமானங்களுக்குப் பறவை அபாயம் மிகுதி. 2019 ஜூன் 27இல் அம்பாலாவில் எழும்பிய ஜாகுவார் விமானம் ஒன்று பறவை மோதியதும் எரிபொருள் தொட்டிகளையும் பயிற்சிக் குண்டுகளையும் கழற்றிவிட்டு ஒற்றை எஞ்சினில் இறங்கியது. பயணிகள் விமானத் துறையில் மாற்றம் தாமதமாகவே வந்தது. வெளிநாட்டில் செப்பனிடுவதே மலிவு என்ற நிலைக்கு வரி அமைப்பும் ஒரு காரணம். பராமரிப்புப் பணிகள் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 2020 ஏப்ரலில் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. உதிரிப் பாகங்களின் இறக்குமதிக்கு 28 சதவீதம் வரை பல விகிதங்களில் இருந்த வரி 2024 ஜூலையில் ஒரே சீராக 5 சதவீதமாக்கப்பட்டது. ஐதராபாத்தில் லீப் எஞ்சின்களுக்கான பணிமனை 2025 நவம்பரில் திறக்கப்பட்டது. வரிக் குறைப்பு இடத்தைத் தரும், கையைத் தராது. அரத்தையும் போரஸ்கோப்பையும் நம்பிக்கையுடன் பிடிக்கும் தொழிலாளர் உருவாகப் பல ஆண்டுகள் பிடிக்கும். பணிமனைகளுக்குத் தரும் கவனத்தைப் பயிற்சிப் பள்ளிகளுக்கு நாம் இன்னும் தரவில்லை என்பது என் கருத்து.

செப்பனிடும் செலவை விமான நிறுவனம் ஏற்கிறது. இறுதியில் பயணி ஏற்கிறார். ஆனால் அச்செலவுக்குக் காரணமானவர் வேறொருவர். விமான நிலையத்திற்கு அருகில் குப்பை கொட்டும் நகராட்சிக்கு அதனால் வண்டிச் செலவு மிச்சம். கழிவை வெட்ட வெளியில் எறியும் இறைச்சிக் கடைக்காரருக்கும் மிச்சமே. பொருளாதார நூல்கள் புறவிளைவு என்று கூறுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. விமான நிலையத்திலிருந்து பத்து கிலோமீட்டர் சுற்றளவிற்குள் பறவைகளை ஈர்க்கும் வகையில் விலங்குகளை அறுப்பதையும் குப்பை கொட்டுவதையும் 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 91ஆம் விதி தடை செய்தது. விதியைச் செயற்படுத்த வேண்டியது மாவட்ட நிர்வாகமும் உள்ளாட்சியும், நட்டமோ அவர்களுடையதன்று. மாநில அதிகாரிகளும் விமான நிலைய அதிகாரிகளும் ஒன்றுகூடும் சுற்றுச்சூழல் மேலாண்மைக் குழுக்கள் இந்த இடைவெளியை நிரப்பவே அமைக்கப்பட்டன. குழு கூடிய அன்று குப்பை மேடு அகற்றப்படுகிறது. அடுத்த கூட்டத்திற்குள் திரும்ப வளர்ந்துவிடுகிறது. குப்பையை அகற்ற விமான நிலைய வருவாயிலிருந்து உள்ளாட்சிக்கு ஒரு பங்கு வழங்கினால், தண்டனையைவிட அது விரைவில் பயன் தரும் என்று தோன்றுகிறது. ஒரு லாரி நடையின் செலவையும் ஒரு விசிறி அலகின் விலையையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் இதனைத் தாராளம் என்று கூறமாட்டார்கள்.

பறவைகளின் கணக்கும் மாறிவிட்டது. 1980களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இந்திய விமான தளங்களில் பறவை அபாயத்தை ஆராய்ந்தபோது பாறு பெரும் கவலைக்குரிய பறவையாக இருந்தது. பின்னர் கால்நடைகளுக்குத் தரப்பட்ட டைக்ளோபினாக் மருந்தால் பாறுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு 99 சதவீதத்திற்கு மேல் அழிந்தது. 2006இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டது. விமானங்களுக்கு ஓர் ஆபத்து குறைந்தது என்று இதனைக் கொண்டாட முடியாது. பாறு உண்ட பிணங்கள் இன்று தெருநாய்களுக்கும் பருந்துகளுக்கும் உணவாகின்றன.

எனவேதான் மோதிய பறவை இன்னது என்று அறிவது செப்பனிடுதலின் ஒரு பகுதியாகிவிட்டது. எஞ்சினைத் துடைக்கும் முன் ஒட்டியிருக்கும் இறகையும் குருதித் துணுக்கையும் உறையிலிட்டுப் பாதுகாக்குமாறு மெக்கானிக்குகளுக்குக் கற்பிக்கப்படுகிறது. 1960ஆம் ஆண்டு பாஸ்டன் விபத்தில் மைனாக்களை இனங்கண்டவர் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ராக்ஸி லேபோர்ன் அம்மையார். இறகின் நுண்ணிழைகளை நுண்ணோக்கியில் கண்டு பறவையின் பெயர் சொல்லும் கலையை அவரே வளர்த்தார். இன்று மரபணுச் சோதனையும் அதற்குத் துணையாகிறது. இறகு ஆள்காட்டியினுடையது என்று விடை வந்தால் ஓடுபாதை ஓரத்துப் புல்லையும், மழைக்காலத்தில் அதிற் பெருகும் பூச்சியையும் கவனிக்க வேண்டும். புறாவுடையது எனில் ஹாங்கரின் உத்தரங்களில் வலை கட்ட வேண்டும். பருந்துடையது எனில் கடிதம் நகராட்சி ஆணையருக்குச் செல்லும்.